அண்டாவின் அடியில் தங்கும் பருப்பு

கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் ஓர் அண்டா நிறையச் சாம்பார் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கால் மணி நேரம் யாரும் அதில் கரண்டி போடவில்லை. என்ன ஆகும்? பருப்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த புளித்தண்ணீர் நிற்கும். அவசரத்தில் மேலாக மொண்டு ஊற்றினால் முதல் பந்திக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கைப்பழக்கம் உள்ள ஆள் கரண்டியை அடிவரை விட்டு ஒரு கலக்குக் கலக்கிய பிறகுதான் வாளியில் மொள்வார்.

வங்காள விரிகுடாவும் இப்படி ஓர் அண்டாதான். அதன் அடிப்பருப்பு இன்றைக்கு எந்த இடத்தில் மேலே வருகிறது என்பதை ஹைதராபாத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்ததைப் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று ஒவ்வொரு கரைக்கும் ஏற்றபடி எழுதி அனுப்புகிறார்கள். மீனவர் டீசலைத் தேடலில் எரிக்காமல் நேராக அந்த இடத்துக்குப் போகலாம். ‘மீன்வளம் மிகுந்திருக்க வாய்ப்புள்ள பகுதி’ என்பது இந்த அறிவிப்பின் அலுவல் பெயர். இது உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். செயற்கைக்கோள், கணினி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். சாம்பார் தெரிந்தால் போதும்.

முதலில் அண்டா. கடலில் பருப்புக்குச் சமமானது உரச்சத்து. செத்த மீன், செத்த பாசி, கழிவு எல்லாம் மெல்லக் கீழே இறங்குகின்றன. ஆழத்தில் மக்கி நைட்ரேட், பாஸ்பேட் ஆகின்றன. நாம் வயலுக்குப் போடும் உரத்தில் இருக்கும் அதே சத்துகள்தான். ஆனால் அங்கே வெளிச்சம் கிடையாது. கடலின் மேல் நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டினால் பயிர் வளரும் அளவுக்குச் சூரிய ஒளி இறங்குவதில்லை. ஆக, மேலே ஒளி இருக்கிறது, உரம் குறைவு. கீழே உரம் இருக்கிறது, ஒளி இல்லை. அதனால்தான் நடுக்கடல் நீலமாக எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரும்பாலும் தரிசு நிலம். ஆழ்கடலின் கருநீலத்தைப் பார்த்து மயங்குகிறவர் சுற்றுலாப் பயணி. அதே நீலத்தைப் பார்க்கும் மீனவர் வலையை இறக்காமல் மேலே போவார்.

அடுத்து, கரண்டி. கடலைக் கலக்கும் பெரிய கரண்டி காற்று. வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் மாறி மாறி வீசும்போது மேல்தண்ணீர் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தண்ணீர் ஏறும். நீரோட்டங்கள் முட்டிக்கொள்ளும் இடத்திலும் கடலின் சுழல்களிலும் இதே கலக்கல் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையோரம் இது பலமாக நடப்பதால்தான் அந்தப் பக்கம் மத்தி அவ்வளவு கொட்டுகிறது. வங்காள விரிகுடாவுக்கு ஒரு சிக்கல் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது. மேலே படலமாக நிற்கும். ஆறிப்போன சாம்பாரின் மேல் யாரோ ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போன மாதிரி. காற்று எவ்வளவு கலக்கினாலும் கரண்டி அடிவரை போவது கஷ்டம். எனவே நம் கிழக்குக் கரையில் பருப்பு மேலே வரும் இடங்கள் குறைவு. குறைவாக இருப்பதால்தான் அவற்றை முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்கு மதிப்பு.

சரி, பருப்பு மேலே வந்தது எப்படித் தெரியும்? அண்டாவுக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சமையல்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே இரண்டு விஷயம் தெரியும். ஒன்று நிறம்: பருப்பு கலந்த சாம்பார் மஞ்சளாகக் கெட்டியாகத் தெரியும், தெளிந்தது செந்நீராகத் தெரியும். இன்னொன்று சூடு: எங்கே ஆவி பறக்கிறது, எங்கே பறக்கவில்லை என்பது.

செயற்கைக்கோள் இந்த இரண்டையும்தான் பார்க்கிறது. வாசலுக்குப் பதிலாகச் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்து பார்க்கிறது, அவ்வளவுதான். உரமும் ஒளியும் ஒன்றாகக் கிடைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகுகிறது. அதன் உடம்பிலும் வீட்டு முருங்கையிலை மாதிரியே பச்சையம் இருக்கிறது. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பையும் விழுங்கிவிட்டுப் பச்சையைத் திருப்பி அனுப்பும். எனவே பாசி கூடக்கூட நீலக் கடல் பச்சைக்கு மாறும். படகில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாத மெல்லிய மாற்றத்தைக்கூட மேலே இருக்கும் கருவி பிரித்துப் பார்க்கும். இதற்கென்றே இஸ்ரோ 1999 மே மாதத்தில் ஓஷன்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது. 2009இல் இரண்டாவதும், 2022 நவம்பரில் மூன்றாவதும் போயின. இரண்டாவது விஷயமான சூட்டைக் கடல்பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை வைத்து அளக்கிறார்கள். பல ஆண்டுகளாக அதற்கு அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்கள்தான் பெரிதும் உதவின. ஆழத்திலிருந்து ஏறிய தண்ணீர் குளிர்ந்தது. ஆகவே பச்சையாகவும் அக்கம்பக்கத்தைவிடக் குளிர்ந்தும் இருக்கும் இடம் எதுவோ, அங்கே கரண்டி அடிவரை போயிருக்கிறது.

இந்த இரண்டு படங்களும் ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்துக்கு வந்து சேர்கின்றன. 1999இல் தொடங்கிய இந்த மையத்தை எல்லோரும் இன்காய்ஸ் என்றே அழைக்கிறார்கள். ஹைதராபாத்துக்கும் கடலுக்கும் நடுவில் சில நூறு கிலோமீட்டர் இருக்கிறது என்பது வேடிக்கைதான். ஆனால் எட்டிப் பார்க்கிற கண் வானத்தில் இருக்கும்போது மூளை எந்த ஊரில் இருந்தால் என்ன?

இப்போது கொஞ்சம் நுணுக்கமான இடம். பச்சையாக இருக்கும் பரப்பு முழுவதையும் அவர்கள் குறித்துக்கொள்வதில்லை. ஓரங்களைத் தேடுகிறார்கள். கொதிக்கும் அண்டாவில் நுரையும் தாளித்த கறிவேப்பிலையும் நடுவில் தங்காமல் எங்கே போய் ஒதுங்குகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? கடலில் குளிர்ந்த தண்ணீரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் இதேதான் நடக்கிறது. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வந்து நெருக்குவதால் மிதக்கும் உயிர்கள் அந்தக் கோட்டில் சேர்கின்றன. பச்சைப் படத்தில் தெரியும் ஓரமும் வெப்பப் படத்தில் தெரியும் ஓரமும் ஒரே இடத்தில் விழுந்தால் நம்பிக்கை கூடுகிறது. அந்த ஓரங்களின் மேல் கோடு இழுக்கிறார்கள். அந்தக் கோடுதான் அறிவிப்பின் உயிர்.

பாசி வந்தவுடன் மீன் வந்துவிடாது. பந்திக்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா? முதலில் நுண்பாசியை மேய நுண்ணிய விலங்குகள் கூடும். பிறகு அவற்றை மேய நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்கள். அவற்றின் பின்னால் கானாங்கெளுத்தி, வஞ்சிரம், சூரை. இதற்குள் சில நாள் ஆகிவிடும். அதற்குள் நீரோட்டமும் அந்தப் பாசித் திட்டை வேறு இடத்துக்கு நகர்த்திவிடும். எனவே கோடு இழுத்தால் மட்டும் போதாது. காற்றும் ஓட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்றும் பார்க்க வேண்டும். இந்தத் தகவல் தேங்காய்ச் சட்னி மாதிரி. காலையில் அரைத்தது மாலைக்குத் தேறலாம். நாளைக்கு அதை இலையில் வைத்தால் மரியாதை இல்லை. வேகம் முக்கியம் என்று எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் எழுதியிருக்கும். இங்கே வேகம் இல்லாவிட்டால் சரக்கே இல்லை.

அண்டாவுக்கு மூடி போட்டால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மேகம்தான் அந்த மூடி. நிறம் பார்க்கும் கருவியும் வெப்பக் கதிர் பார்க்கும் கருவியும் மேகத்தை ஊடுருவ முடியாதவை. மழைக்காலத்தில் வானம் மூடிக்கொண்டால் அன்றைக்கு அறிவிப்பு இல்லை. மீன்பிடித் தடைக்காலத்திலும் கடல் கொந்தளிக்கும்போதும் அறிவிப்பு கிடையாது. இந்த அறிவிப்பு முக்கியமாகக் கடலின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீன்களுக்கானது. அடிமண்ணில் இருக்கும் இறாலைத் தேடுகிறவருக்கு இதில் அதிகப் பயன் இல்லை.

இதுவரை நடந்தது சமையல். எனக்கு இதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிது. வளரும் நாடுகளில் தகவல் தொழில்நுட்பத்துக்காகப் போட்ட பணம் பெரும்பாலும் சமையலோடு நின்றுபோயிருக்கிறது. அண்டா அண்டாவாக வெந்து கிடக்கும், இலைக்கு வந்திருக்காது. பளபளப்பான உறைக்குள் பூட்டிக் கிடக்கும் கணினியையும், சாவி யாரிடம் என்று தெரியாத ‘மக்கள் தகவல் மைய’ அறையையும் பார்க்காதவர் நம் நாட்டில் குறைவு.

பரிமாறுவதில் முதல் வேலை, அளவை மாற்றுவது. கல்யாணச் சமையல்காரர் மூட்டைக் கணக்கில் பேசுவார். வீட்டில் நமக்கு வேண்டியது ஆழாக்குக் கணக்கு. அதுபோல ஹைதராபாத்தில் இழுத்த கோடு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஃபைபர் படகுக்காரர் என்ன செய்வார்? எனவே ஒவ்வொரு மீன் இறங்குதளத்தையும் மையமாக வைத்து அதைத் திருப்பி எழுதுகிறார்கள். உங்கள் ஊர்க் கலங்கரை விளக்கத்திலிருந்து அல்லது துறையிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர் முதல் எத்தனை கிலோமீட்டர் வரை, அங்கே ஆழம் எத்தனை மீட்டர். ஒரே கோடுதான், கடலூர்க்காரருக்கு ஒரு விதமாகவும் பழையாற்றுக்காரருக்கு வேறு விதமாகவும் வாசிக்கப்படும். கரையில் அதைக் கேட்கிறவர் மனதுக்குள் மீட்டரைப் பாகமாக மாற்றிக்கொள்வார். இரண்டு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. அவருடைய கயிறும் ஈயக்குண்டும் அந்தக் கணக்கில்தான் பேசும். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைமரத்தையும் நேர்க்கோட்டில் வைத்து இடம் குறிக்கும் பழைய கணக்கும் கூடவே ஓடும். செயற்கைக்கோள் சொல்லும் இடமும் தாத்தா சொன்ன இடமும் ஒன்றாக இருந்தால் வலை போடுவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் தாத்தாவுக்குத்தான் ஓட்டு. அதில் தப்பும் இல்லை.

இரண்டாவது வேலை, வாளியைத் தூக்கிக்கொண்டு இலைவரை நடப்பது. இதை மிக நன்றாகச் செய்து காட்டிய ஓர் ஏற்பாடு புதுச்சேரிப் பகுதியில் 1998இல் தொடங்கியது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியது. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம் பணம் கொடுத்தது. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கைப்பேசி கிராமத்துக்கு வரவில்லை. தொலைபேசிக் கம்பி மழை பெய்தால் செத்துப்போகும். மின்சாரம் வந்தால் வந்தது. இந்த நிலையில் ஊர் ஊராக இணையம் கொண்டுபோவது நடக்காத காரியம்.

எனவே அவர்கள் பந்தியை ஒழுங்கு செய்கிற மாதிரியே ஒழுங்கு செய்தார்கள். பெரிய அண்டா ஒரே இடத்தில், வில்லியனூரில். அங்கே மட்டும் தொலைபேசி வழியாக இணையம். அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களின் அறிவு மையங்களுக்கு வி.எச்.எஃப். கம்பியில்லாக் கருவி வழியாகச் செய்தி போகும். போலீஸ் ஜீப்பில் கரகரவென்று பேசுமே, அந்த வகைக் கருவிதான். அதே கருவி வழியாகக் கணினித் தரவையும் அனுப்பினார்கள். மின்சாரம் போனால் தாங்கச் சூரிய ஒளித் தகடும் மின்கலமும் வைத்தார்கள். இடமும் மின்சாரமும் ஊர் தர வேண்டும், நடத்தும் ஆட்களை ஊர் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்தச் சாதியாராக இருந்தாலும் உள்ளே வர முடிய வேண்டும் என்பவை நிபந்தனைகள். பந்தியில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் எழுதிவைத்தது நல்ல புத்தி. ஏம்பலம் என்ற ஊரில் மையம் கோயில் வளாகத்திலேயே இருந்தது. பரிமாறுகிறவர்கள், அதாவது தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

வீராம்பட்டினத்துக்கு வருவோம். அரிக்கமேட்டுக்குப் பக்கத்து ஊர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானிய வணிகச் சரக்கு வந்து இறங்கிய கரை. அந்த ஊருக்கு முதலில் வேண்டியிருந்தது மீன் இருக்கும் இடம்கூட இல்லை. நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பது. எத்தனை அடி அலை, எந்தக் காற்று. அப்போது அந்த விவரம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதை வில்லியனூரில் இறக்கித் தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பி, அங்கே கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஏன் ஒலிபெருக்கி? மீனவர் மையத்துக்கு வந்து கணினித் திரையைப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது, விருந்தாளியை எழுந்து வந்து அண்டாவில் மொண்டுகொள்ளச் சொல்வது மாதிரி. அவர் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார். காது சும்மாதான் இருக்கும். காதுக்குப் பரிமாறினார்கள்.

அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்காகக் கணக்குப் போட்ட அலையின் உயரம் கட்டுமரக்காரரின் காதுக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒன்றாக வருகின்றன.

பரிமாறுகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. “உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டு, பதிலைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோவது. கம்பியில்லாக் கருவி இருவழி என்பதால் ஊரின் கேள்விகள் வில்லியனூருக்குத் திரும்பிப் போயின. அரசு உதவிக்கு யார் தகுதி, எந்த மருத்துவமனையில் எந்த நாள் கண் டாக்டர், நெல் என்ன விலை. கேட்கிற கேள்வியைப் பார்த்துத்தான் எதைச் சேகரிப்பது என்று முடிவு செய்தார்கள். ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு சிறு பத்திரிகையும் வந்தது. கணினியைத் தொடாதவருக்கும் அந்த அண்டாவில் ஒரு கரண்டி கிடைத்தது.

இந்த ஏற்பாட்டின் பலம் 2004 டிசம்பர் 26 அன்று எல்லோருக்கும் தெரிந்தது. வீராம்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர் நல்லவாடு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போன் செய்தார். செய்தி கேட்டவர்கள் ஊரின் அறிவு மையத்துக்கு ஓடினார்கள். ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பினார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பினார்கள். இதில் செயற்கைக்கோளுக்கு வேலையே இல்லை. ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அப்போது இந்தியாவில் கிடையாது. ஹைதராபாத்தில் அது தொடங்கியது 2007 அக்டோபரில்தான். சமைத்தது யாரோ, எங்கேயோ. பரிமாறும் வழி மட்டும் தயாராக இருந்தது, நாள்தோறும் பழகிய வழியாக இருந்தது. ஆபத்துக்கென்று தனியாகக் கம்பம் நட்டு வைத்திருந்தால், அந்தக் காலையில் அது வேலை செய்திருக்குமா என்பதே சந்தேகம்.

பிறகு கைப்பேசி வந்தது, வாளி சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. அதே ஆராய்ச்சி நிறுவனம் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்தது. ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்று பெயர். மீன் இருக்கும் பகுதி, அலை, காற்று, சந்தை விலை எல்லாம் தமிழில். சர்வதேச எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் உண்டு. இராமேசுவரம் பக்கத்து மீனவருக்கு மீன் இருக்கும் இடத்தைவிட அது பெரிய செய்தி.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சு கரையிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் போனவருக்குப் பரிமாற ஆள் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கரையிலிருந்து பல நாள் தங்கலுக்குப் போயிருந்த ஆழ்கடல் மீனவர்களை எட்டச் சரியான வழி இல்லாமல் போனது. எத்தனை உயிர் போயிற்று என்பது அந்தக் கரை மறக்காத கணக்கு. அதற்குப் பின் 2019இல் ஜெமினி என்ற சிறு பெட்டி வந்தது. விமானங்களுக்கு வழி காட்டும் ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் அனுப்பும் செய்தியை அந்தப் பெட்டி கடலின் நடுவிலேயே வாங்கும். வாங்கி ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்குக் கொடுக்கும். குறை என்னவென்றால் அது ஒருவழிப் பாதை. பரிமாறுவார்கள், “உப்பு சரியா?” என்று கேட்க மாட்டார்கள். “படகில் தண்ணீர் ஏறுது” என்று கடலிலிருந்து அதன் வழியாகச் சொல்ல முடியாது.

மீன் வந்தபின் விற்க வேண்டுமே? அந்தக் கதையை வடகேரளக் கரையில் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் அளந்து 2007இல் வெளியிட்டார். 1997 முதல் 2001 வரை அந்தக் கரையோரம் கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அதற்கு முன் ஒரு கரையில் மத்தி மிஞ்சிக் கடலில் கொட்டப்படும். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் வாங்க வந்தவர் வெறுங்கூடையோடு திரும்புவார். போன் வந்தபின் மீனவர்கள் படகில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை என்று கேட்டார்கள். கொட்டுவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. பிடித்த மீன் வீணாகாமல் வயிற்றுக்குப் போவதைவிட நீடித்த வளர்ச்சிக்கு நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது இன்னும் சுவை.

கடைசியாக ஒரு சங்கடம். அண்டாவின் எந்தப் பக்கம் பருப்பு என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டால், எல்லோரும் அங்கேயே கரண்டி போடுவார்கள். டீசல் மிச்சம்தான். தேடும் அலைச்சல் குறைவதுதான். ஆனால் மீன் குஞ்சு பொரிக்கவும் வளரவும் எடுக்கும் காலம் எந்தச் செயற்கைக்கோள் வந்தாலும் குறையப்போவதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது அதற்காகத்தான். கரண்டியின் அளவும் முக்கியம். சுருக்குமடி வலை ஒரு கூட்டத்தையே சுற்றி வளைத்து அடியில் சுருக்கிட்டு மொத்தமாக அள்ளும். சிறு படகுக்காரர்கள் அதை எதிர்ப்பதும், அதில் பணம் போட்டவர்கள் விடாமல் நிற்பதும் இந்தக் கரையின் பழைய சண்டை. 2021 ஆகஸ்டில் இந்த வலையை முன்வைத்து வீராம்பட்டினத்து மீனவர்களும் நல்லவாட்டு மீனவர்களும் மோதிக்கொண்டார்கள். போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியால் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அதே இரண்டு ஊர்கள்.

தமிழ்நாட்டின் சுருக்குமடி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் அந்த வலையை நிபந்தனையோடு அனுமதித்து இடைக்கால உத்தரவு வந்தது. கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால் மட்டும், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. அதோடு, அந்தப் படகுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் கண்காணிப்புக் கருவியைப் பொருத்தி, அதை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கருவி காட்டும் புள்ளியைப் பார்க்க வேண்டியவர் அதிகாரி. அதே திரை வீராம்பட்டினத்துக் கரையிலும் ஒன்று இருந்து, சிறு படகுக்காரரும் எட்டிப் பார்க்க முடிந்தால் பாதிச் சண்டை பேச்சிலேயே தீரும் என்பது என் கணக்கு. கம்பமும் ஒலிபெருக்கியும் கொடுத்தவர்களுக்கு ஒரு திரை கொடுப்பது பெரிய செலவில்லை.